பேயை விட அந்தப் பாட்டுதான் பயம்

பேய்ப்படத்தில் கொலுசுச் சத்தம் கேட்டால் மொத்தத் தியேட்டரும் அடங்கிப்போகும். எனக்கு மட்டும் ஒன்றும் ஆகாது. வீரம் எல்லாம் இல்லை. நான் வளர்ந்தது சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம், வீட்டின் முன்னறையே வெள்ளிப்பட்டறை. அப்பாவும் பெரியப்பாவும் சலங்கை வைத்துப் பற்றவைத்து, மெருகு போட்டு முடித்த கொலுசுகளை ஒரு கை அள்ளிக் குலுக்கிப் பார்ப்பார்கள், சத்தம் சரியில்லாதது திரும்பவும் உள்ளே போகும். ராத்திரி பதினோரு மணிக்கு ஜல் என்று கேட்டால் எங்கள் வீட்டில் யாருக்கும் மோகினி ஞாபகம் வராது, விடிந்தால் சரக்குக் கொடுக்கணும் என்பதுதான் ஞாபகம் வரும். வெள்ளி விலை எகிறி ஆர்டர் நின்றுபோகிற மாதங்களில்தான் வீடு அமைதியாக இருக்கும். அந்த அமைதிக்குத்தான் நாங்கள் பயந்தோம்.

அதனால் தமிழ்ப் பேய்ப்படங்களின் பாதி ஆயுதம் என்னிடம் செல்லாது. விரித்த கூந்தல், கிரீச்சிடும் கதவு, திடீரென்று திரை முழுக்க ஒரு முகம், இதெல்லாம் அந்த நொடிக்குத் தூக்கிப்போடும், அப்புறம் வெளியே வந்து தட்டுவடை செட் வாங்கும்போதே மறந்துவிடும். ஆனால் சில படங்கள் போகவே மாட்டேன் என்கின்றன. ஏன் அவை மட்டும் என்று யோசித்துப் பார்த்தால், எல்லாமே காது வழியாக உள்ளே வந்தவை. அதிலும் முக்கால்வாசி பாட்டு. அதுவும் நல்ல பாட்டு, கல்யாண வீட்டில் மைக்செட்டில் போடுகிறார்களே, அந்த மாதிரிப் பாட்டு.

பாட்டுக்குப் போவதற்கு முன்னால் ஜகன்மோகினியை முடித்துவிடுகிறேன், இல்லையென்றால் என் வயதுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். 1978இல் பி. விட்டலாச்சார்யா தெலுங்கில் எடுத்து, தமிழ் பேசி வந்த படம். விறகுக்குப் பதிலாகப் பேய் தன் காலையே அடுப்புக்குள் நீட்டி எரியவிட்டுச் சமைக்குமே, அதுதான். நான் பார்த்தது அம்மாயி வீட்டு டிவியில், அங்கே அப்போதும் விறகடுப்புதான். நாங்கள் பிள்ளைகள் எல்லாம் போர்வைக்குள் கிடக்க, அம்மாயி திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வெறகு விக்கிற வெலைக்கு இது தேவலையே" என்றது. அதோடு சரி. ஜெயமாலினி எத்தனை உருவம் எடுத்து வந்தாலும் அதற்கப்புறம் சிரிப்புதான் வந்தது.

என் தூக்கத்தை முதன்முதலில் கெடுத்தது சினிமாவே இல்லை, சீரியல். தொண்ணூறுகளின் கடைசியில் சன் டிவியில் மர்மதேசம் என்ற வரிசையில் வந்த விடாது கருப்பு. இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம். தப்பு செய்தவனைத் தேடிக் குதிரையில் வரும் கருப்பு. குதிரையைக் காட்டுவதற்கு முன்னாலேயே குளம்படிச் சத்தம் வந்துவிடும், அது கேட்டதும் அக்கா எழுந்து லைட்டைப் போடுவாள். வாரம் ஒரு நாள்தான் வரும் என்பதால் மீதி ஆறு நாளும் அதை நாமே மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும், இப்போது போல ஒரே ராத்திரியில் பத்து எபிசோடைப் பார்த்து முடித்துத் தலைமுழுகிவிட முடியாது.

சேலத்துப் பிள்ளைகளுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல். எங்கள் பக்கத்துக் காவல் சாமி முனியப்பன். உருட்டிய கண்ணும் முறுக்கிய மீசையும் கையில் ஆயுதமுமாக ஆளுயரத்துக்கு மேலே உட்கார்ந்திருப்பார், அவர் காலடியில்தான் கிடா வெட்டி, சமைத்து, இலை போட்டுச் சாப்பிடுவோம், சின்னப் பிள்ளைகள் அவர் பாதத்தைச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடுவார்கள். அவரைப் பார்த்து ஒருநாளும் பயந்ததில்லை, நம்ம ஆள். அந்த சீரியலுக்குப் பிறகு வந்த கிடா விருந்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஓரமாக நின்ற மண்குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா நான் கறி வேண்டாம் என்றதும் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

சரி, பாட்டு.

அறுபதுகளின் தமிழ்ப் பேய்கள் பயமுறுத்தாது, பாடும். அதுதான் கொடுமை. 1966இல் வந்த யார் நீ, ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும் நடித்தது, இந்தியில் வந்த வோ கௌன் தி படத்தின் தமிழ் வடிவம். அதில் நானே வருவேன் பாட்டு. இசை வேதா, இந்தி மெட்டைத் தமிழுக்குக் கொண்டுவருவதில் கைதேர்ந்தவர், எங்கள் ஊர் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ஜெய்சங்கர் படங்கள் பலவற்றுக்கும் அவர்தான் இசையமைத்தார். கதையைப் பார்த்தால் கடைசியில் பேயும் இல்லை ஒன்றும் இல்லை, எல்லாம் மனுஷன் செய்த சதி என்று முடிச்சு அவிழ்ந்துவிடும். ஆனால் பாட்டு அவிழாது. பி. சுசீலா அதில் குரலை நடுக்கவோ அலறவோ இல்லை. ஒரு பிசிறு இல்லாமல், தாலாட்டுக்குரிய சுத்தத்தோடு பாடியிருக்கிறார், வந்தே தீருவேன் என்பதை இவ்வளவு சாந்தமாக ஒருத்தி சொன்னால் நாம் எங்கே போய் ஒளிவது?

அதற்கு மூன்று வருஷம் முன்னால் ஸ்ரீதரின் நெஞ்சம் மறப்பதில்லை. பாழடைந்த மாளிகை, முன்ஜென்மம், கல்யாண்குமார், தேவிகா. எம்.என். நம்பியார் அதில் போன ஜென்மத்தில் காதலைக் கொன்ற ஜமீன்தார். காதலர்கள் செத்து மறுபடி பிறந்து வந்துவிட்டார்கள், அவர் மட்டும் சாகாமல் கிழவராகி, விட்ட வேலையை முடிக்கக் காத்திருக்கிறார். பேய்கூட இல்லை பாருங்கள், உயிரோடு இருக்கிற ஒரு வயசாளி, கோபம் மட்டும் வயசாகாமல் அப்படியே இருக்கிறது. இந்தப் படத்தின் தலைப்புப் பாட்டை எஃப்எம்மில் ராத்திரி பத்து மணிக்கு மேல் காதலர்களுக்காக என்று போடுகிறார்கள். எனக்கு அந்த மெட்டு ஆரம்பித்ததும் நம்பியாரின் வெள்ளைத் தலைமுடிதான் முதலில் வரும்.

அடுத்து இளையராஜா. 1978இல் பாரதிராஜாவின் சிகப்பு ரோஜாக்கள், 1980இல் பாலுமகேந்திராவின் மூடுபனி. இரண்டிலும் பேய் கிடையாது, பெண்களைக் கொல்கிறவன்தான் நாயகன். இரண்டிலும் அவனுக்கு ராஜா கொடுத்திருக்கிற பாட்டைக் கேளுங்கள். நினைவோ ஒரு பறவை கமலே எஸ். ஜானகியோடு பாடியது. அந்தப் பாட்டில் ஸ்ரீதேவிக்குத் தெரியாது, தோட்டத்து ரோஜாச்செடிகளுக்குக் கீழே என்ன புதைந்திருக்கிறது என்று. மூடுபனி ராஜாவுக்கு நூறாவது படம். என் இனிய பொன் நிலாவே பாட்டை கிடாரோடு பிரதாப் போத்தன் யாரைப் பார்த்துப் பாடுகிறான் என்று நினைக்கிறீர்கள்? தான் கடத்திக்கொண்டு வந்து மலைமேல் வைத்திருக்கும் பெண்ணைப் பார்த்து. கிடார் கற்றுக்கொள்ளும் பையன்கள் எல்லாம் கல்லூரி மேடையில் காதலிக்காக வாசிப்பது இதைத்தான். அந்தப் படம் தீபாவளிக்கு வந்தபோது அந்தப் பெண்ணாக நடித்த ஷோபா உயிரோடு இல்லை, அந்த வருஷம் மே மாதமே போய்விட்டார். திரையில் அந்தப் பெண் தப்பிக்க வழி தேடுவதை இது தெரிந்து பார்ப்பது தனி வேதனை.

இந்தப் பாட்டை ஏற்காடு மலையிலிருந்து இறங்கும்போது ஒருமுறை காரில் போட்டான் நண்பன். டிசம்பர் மாதம், சாயங்காலம் ஆறு மணி இருக்கும். ஏற்காடு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவு இருபது, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பலகை இருக்கும். மேலே ஏரிக்கரையில் இருந்தவரை வானம் தெளிவாகத்தான் இருந்தது, கீழே இறங்க இறங்க மூடுபனி எதிரே ஏறி வந்துவிட்டது. வளைவு எண் பலகை பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிகிறது, எதிரே வருகிற பஸ்ஸின் ஹார்ன் முதலில் வருகிறது, வெளிச்சம் பிறகு வருகிறது, பஸ் அதற்கும் பிறகு வருகிறது. சவுக்கு மரமா சில்வர் ஓக்கா ஆளா என்று பிரித்தறிய முடியாத நிழல்கள் வரிசையாக நிற்கின்றன. இந்த லட்சணத்தில் ஜேசுதாஸ் குரல் வேறு. நான் கையை நீட்டி அணைத்துவிட்டேன். "ஏன்டா, நல்ல மெலடிதானே" என்றான். படம் பார்த்திருக்கிறாயா என்றேன், இல்லை, பாட்டு மட்டும் தெரியும் என்றான். அடிவாரம் வருகிறவரை கதையைச் சொன்னேன். இப்போது அவன் போன் லிஸ்டில் அந்தப் பாட்டு இல்லை.

புதுப் படங்களுக்கு வருவோம். 2009 நல்ல வருஷம், யாவரும் நலம், ஈரம் இரண்டும் அந்த வருஷம்தான்.

யாவரும் நலம் படத்தில் விக்ரம் குமார் பேயைக் கொண்டுபோய் மத்தியானம் ஒரு மணி சீரியலுக்குள் வைத்தார். ராத்திரி இல்லை, சுடுகாடு இல்லை. குளித்துச் சாப்பிட்டு வீட்டுப் பெண்கள் டிவி முன்னால் உட்காரும் நேரம். புது ஃப்ளாட், கூட்டுக் குடும்பம், எல்லாரும் சிரித்துப் பேசுகிறார்கள், சீரியலில் நடப்பது வீட்டிலும் நடக்கிறது, மாதவனுக்கு மட்டும் அது புரிகிறது. லிஃப்ட் அவருக்கு மட்டும் வேலை செய்யாது, வீட்டுக்குள் போனில் படம் எடுத்தால் அவர் முகம் மட்டும் கோணிப்போகும். பி.சி. ஸ்ரீராம் அந்த வீட்டை வெளிச்சமாகவே காட்டுகிறார், இருட்டில் ஒளித்து வைத்துப் பயமுறுத்தும் குறுக்குவழியே இல்லை. எங்கள் அம்மா இந்தப் படத்தைப் பார்த்த பிறகும் சீரியலை விடவில்லை. ஆனால் சீரியலில் யாருக்காவது விபத்து நடந்தால் உடனே எனக்கு போன் வரும், எங்கே இருக்கிறாய், வண்டியை மெதுவாக ஓட்டு என்று. காரணம் சொல்ல மாட்டாள். எனக்குத் தெரியும்.

ஈரம், அறிவழகனின் முதல் படம், தயாரித்தது ஷங்கர். தண்ணீர்தான் பேய். சேலத்தில் குழாயில் தண்ணீர் வருகிற நாள் ஒரு திருவிழா, யாராவது ஒருத்தர் "தண்ணி வந்துருச்சு" என்று கத்தினால் தெருவே குடத்தோடு எழுந்து ஓடும். அப்படிப்பட்ட ஊர்க்காரனிடம் தண்ணீரைக் காட்டிப் பயமுறுத்த முடியுமா என்று தெனாவெட்டாகத்தான் போய் உட்கார்ந்தேன். அந்தப் படத்திலும் பாருங்கள், முதலில் மழையே மழையே என்று ஒரு பாட்டு. மழையில் நனைந்த காதல், ஆதியும் சிந்து மேனனும். அழகாக இருக்கிறதே என்று நாம் ரசித்து முடித்த பிறகு, அதே ஈரத்தை எடுத்துக் கதவிடுக்கு வழியாகவும் படிக்கட்டு வழியாகவும் கசியவிடுகிறார் இயக்குநர். படம் முழுக்க வெளிறிய நிறம், சாவு வரும் இடத்தில் மட்டும் சிவப்பு. இன்றைக்கும் நடுராத்திரி பாத்ரூமில் சொட்டுச் சத்தம் கேட்டால் எழுந்துபோய்க் குழாயைத் திருகிவிட்டுத்தான் படுக்கிறேன். தண்ணீரை மிச்சம் பிடிக்கிறேன் என்று வீட்டில் நல்ல பெயர்.

பீட்சா, 2012, கார்த்திக் சுப்புராஜ். ஒரு வீடு, ஒரு டார்ச் லைட், விஜய் சேதுபதி. நான் பார்த்த தியேட்டரில், உச்சக்கட்ட இருட்டில், முன்வரிசை ஆள் ஒருவர் கழற்றிப்போட்ட செருப்பைத் தேடித் தன் போன் டார்ச்சை அடித்தார், அந்த வரிசையே அலறியது, திரையில் வந்த எதற்கும் அவ்வளவு அலறல் கேட்கவில்லை. படத்தின் முடிவை இனிமேல் சொன்னால் குற்றமில்லை, வந்து இத்தனை வருஷம் ஆகிவிட்டது: அவன் சொன்ன பேய்க்கதை பொய். நாமும் அவன் முதலாளியோடு சேர்ந்து உட்கார்ந்து நம்பியிருக்கிறோம். அதுதான் வெளியே வந்தபின் உறுத்தியது. நன்றாகச் சொல்லத் தெரிந்தவன் எதையும் நம்பவைப்பான் என்கிற அந்த உறுத்தல் எனக்கு ஒரு நல்ல பேய்க்குச் சமம்.

மிஷ்கினின் பிசாசு பற்றி ஒரே ஒரு விஷயம். அதைப் பயப்படுவதற்காகப் பார்க்காதீர்கள். சாகிற பெண் கடைசியாகப் பிடித்த கையை விடாமல் வருகிறாள், அவ்வளவுதான் கதை. சுரங்கப்பாதையில் ஒரு சிறுமி பாடும் போகும் பாதை பாட்டைக் கேட்டு நான் அழுதேன், என் பக்கத்தில் இருந்தவரும் மூக்கைச் சிந்தினார், பேய்ப்படத்துக்கு வந்த இடத்தில்.

முனி, காஞ்சனா, அரண்மனை வகையறா மேல் எனக்கு மனக்குறை உண்டு. வீட்டுப் பிள்ளைகளோடு பார்க்க ஜாலியாக இருக்கும், மறுக்கவில்லை. 2011இல் வந்த காஞ்சனாவில் சரத்குமாரின் முன்கதை வரும் அரைமணி நேரம் உண்மையிலேயே நெஞ்சைப் பிடிக்கும். ஆனால் அதற்கப்புறம் தமிழ்ப் பேய் என்றாலே பயந்தாங்கொள்ளி மாமா, குண்டு அத்தை, கட்டிலுக்கடியில் ஒளிகிற நகைச்சுவைக் கூட்டம், கடைசியில் சாமி பாட்டு என்று ஆகிவிட்டது. இடையில் டிமான்டி காலனி, மாயா என்று 2015இல் இரண்டு பேர் சிரிக்காமல் பயமுறுத்திக் காட்டினார்கள். நாலு பேர் ஒரு அறையை விட்டு வெளியே போக முடியாமல் மாட்டிக்கொள்வது போதும், கோடிக்கணக்கில் செட் வேண்டாம்.

இத்தனைக்கும் மேலே, எனக்கு விடாமல் வருகிற ஒன்று பேய்ப்படமே இல்லை, எங்கள் ஊர்ப் படம். ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவின் முகப்பு வளைவு மட்டும் இன்றும் நிற்கிறது, டி.ஆர். சுந்தரம் நடத்தியது. பெரியப்பா அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அந்தப் படங்களைப் பற்றிச் சொல்வார், வளைவைத் தாண்டி அஸ்தம்பட்டி வந்த பிறகும் முடியாது. 1950இல் அங்கிருந்து வந்ததுதான் மந்திரி குமாரி. எம்.ஜி.ஆர். நடித்தது, கலைஞர் வசனம், எல்லிஸ் ஆர். டங்கனும் சுந்தரமும் இயக்கியது. குண்டலகேசி கதைதான் மூலம். வாராய் நீ வாராய் அந்தப் படத்துப் பாட்டு, ஜி. ராமநாதன் இசை, திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியது.

காட்சியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். எஸ்.ஏ. நடராஜன் பகலில் ராஜகுருவின் மகன், ராத்திரியில் கொள்ளைக்காரன். மனைவி மாதுரி தேவி. அவனுடைய திட்டத்துக்கு அவள் இடைஞ்சல். அதனால் மலை உச்சிக்கு அழைத்துப் போகிறான், தள்ளிவிட. ஏற்காட்டில் எடுத்த காட்சி. வழி முழுக்க அவன் வா வா என்று கூப்பிடுகிறான், அவளும் புருஷன் ஆசையாக மலை காட்டக் கூட்டிப்போகிறான் என்று கூடவே பாடிக்கொண்டு போகிறாள். அந்த மெட்டில் ஒரு இடத்தில்கூட ராமநாதன் நமக்குக் கண்சிமிட்டவில்லை. கொலைகாரனின் குரல் தேனாக இருக்கிறது, காற்று வீசுகிறது, கீழே பள்ளத்தாக்கு. உச்சிக்குப் போன பிறகுதான் உண்மையைச் சொல்கிறான். சாவதற்கு முன் உங்களை மூன்று முறை வலம் வருகிறேன் என்று அவள் கேட்கிறாள், அவனும் சரி என்கிறான், அவள் சுற்றி வந்து பின்னால் இருந்து அவனைத் தள்ளிவிடுகிறாள்.

கறுப்பு வெள்ளைப் படம், ரத்தமில்லை, அலறலும் பெரிதாக இல்லை. ஆனால் பகோடா பாயின்ட்டிலோ லேடீஸ் சீட்டிலோ நின்று சேலம் விளக்குகளைப் பார்க்கிற புதுமணத் தம்பதியில், மாப்பிள்ளை பெண்ணின் தோளில் கை போட்டுக் "கொஞ்சம் முன்னாடி வா, வியூ நல்லா இருக்கு" என்று சொன்னால் என் வயிறு ஒரு புரட்டு புரட்டும். அந்தப் பையன் பாவம் செல்ஃபி எடுக்கத்தான் கூப்பிட்டிருப்பான்.

போன வருஷம் சித்தி பெண்ணுக்குக் கல்யாணம். முன்கூட்டியே எடுக்கிற வீடியோவை ஏற்காட்டில் எடுத்தார்கள், காபித் தோட்டம், ஏரி, மலைமுனை எல்லாம். எடிட் செய்து அனுப்பினார்கள், பார்த்தால் மாப்பிள்ளை கையைப் பிடித்து இவளை மலைமுனைக்குக் கூட்டிப்போகிற இடத்துக்கு வாராய் நீ வாராய். பழைய பாட்டு வைத்தால் கெத்தாக இருக்கும் என்று யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். மண்டபத்தில் பெரிய திரையில் ஓடப்போகிறது, எழுபது வயசுக்கு மேலே இருக்கிற பெரியவர்கள் எல்லாருக்கும் இந்தப் படம் மனப்பாடம். நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, பாட்டை மாற்றச் சொல்லும்மா, இதுதான் கதை என்று முழுதாகச் சொன்னேன்.

பொறுமையாகக் கேட்டாள். "கடைசில தள்ளிவிடறது அவதானேண்ணா?"

ஆமாம் என்றேன்.

"அப்புறம் என்ன, இருக்கட்டும்."

மண்டபத்தில் அதே பாட்டோடுதான் ஓடியது. பெரியப்பா மட்டும் முன்வரிசையில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். மாப்பிள்ளைக்கு யாரும் இன்னும் அந்தப் படத்தைக் காட்டவில்லை.